மாமி கோழிக்குச் சொன்னதும் நான் வேலிக்குச் செய்த மெசினும்

வீட்டில் பழைய இரும்பு கிடப்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து யோசிக்கிற ஒருவன் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்வதுதான் ஆபத்து. எங்கள் பகுதியில் இந்த ஆபத்துக்கு வாய்ப்பு அதிகம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் குணம் விசாரிப்பார்கள், குடும்பம் விசாரிப்பார்கள், தொழுகை விசாரிப்பார்கள். "பழைய சைக்கிளைக் கண்டால் பையன் கழற்றுவானா?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் என் மாமி தன் கிணற்றுக் கப்பியை இழந்திருக்க மாட்டார்.

நான் ஊர்ச் சங்கதிகளைத் தேதியோடு சேகரித்து வைக்கிறவன். எந்தப் பள்ளிவாசலுக்கு எப்போது ஓடு போட்டார்கள், கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் முதலில் ஓடிய பஸ்ஸின் நிறம் என்ன என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆட்கள் என்னிடம் வருவதுண்டு. அப்படிப்பட்ட எனக்கு, நானே பங்குகொண்ட இந்தச் சம்பவத்தின் ஆண்டை நிலைநாட்டப் பெரும் போராட்டம் தேவைப்பட்டது. மாமா மௌத்தாகிக் கண்மூடும்வரை ஐம்பத்தைந்து என்றே சாதித்தார். ஐம்பத்தாறு என்பது என் முடிவு. ஐம்பத்தேழு டிசம்பரில் பெருவெள்ளம் வந்தபோது மூத்த மகள் கைக்குழந்தை. அவளைத் தொட்டிலோடு மேசைமேல் ஏற்றி வைத்திருந்தோம். சம்பவம் நடந்தது அதற்கு முந்திய மாரிப்போகத்தில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், புரட்டாதி மாதத்தில். ஆகவே ஐம்பத்தாறு. (என் மனைவி ஹாஜராவிடம் கேட்டால், "நம்பர் எதுக்கு? மெசின் வருஷம் எண்டா ஊருக்கே வெளங்கும்" என்பாள்.)

நான் பிறந்தது மருதமுனையில். வாப்பா தறிக்காரர். தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் ஓதி, தறிச் சத்தத்திலேயே கையில் கிடைத்த புத்தகங்களை எல்லாம் வாசித்து வளர்ந்தேன். பெண் எடுத்தது சம்மாந்துறையில், வயல்காரக் குடும்பத்தில். கல்யாணத்துக்கு முன்பு வயலை நான் பஸ் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். பச்சையாக இருக்கும் என்பது தெரியும்.

சம்மாந்துறை வழக்கங்களில் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை விளங்காது. மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டார், நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார். கதவுச் சீலைக்குப் பின்னால்தான் நிற்பார். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்புவார். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால், அல்லது மகளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டால், முற்றத்தில் நிற்கும் கோழியையோ ஆட்டையோ பார்த்து உரக்கச் சொல்வார். மருமகன் கேட்டுத் திருந்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. எங்கள் ஊரிலும் இந்த வழக்கம் இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஊரில் கோழிக்குச் சொன்னால் அது கோழிக்கே கேட்காது. ஆகவே என் மாமி சீலைக்குப் பின்னால் நின்று கோழியோடு கதைப்பதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு மனசு உருகிவிட்டது. வாயில்லாச் சீவன்மீது எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி வேலிக்கு வருகிறேன்.

வட்டை என்பது பலருடைய வயல்கள் சேர்ந்த ஒரு பெரிய வெளி. அதைச் சுற்றி ஒரே வேலி. காணிக்குத் தக்கபடி ஒவ்வொருவருக்கும் வேலியில் ஒரு பங்கு உண்டு. விதைப்புக்கு முன் அவரவர் பங்கை அவரவர் அடைத்துவிட வேண்டும். எவருடைய பங்கு வழியாக மாடு புகுந்ததோ, வட்டை முழுவதன் பயிருக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். மாமாவின் பங்கு, எருமைகள் குளத்துக்குப் போகும் பாதை ஓரமாக இருந்தது. அதன் ஒரு முனையில் பெரிய மருத மரம். மறு முனையில் மாமாவின் வாடி, அதாவது வயல் காவலுக்கும் சமையலுக்கும் கட்டிய வைக்கோல் கூரைக் குடிசை.

அந்த வருஷம் விதைப்புக் கூட்டத்தில் வட்டவிதானையார் எழுந்து நின்றார். வட்டையின் தண்ணீருக்கும் வேலிக்கும் பொறுப்பானவர் அவர். குடையை எப்போதும் கக்கத்தில் வைத்திருப்பார். மழைக்கோ வெயிலுக்கோ அதை விரித்து நான் பார்த்ததில்லை. ஆட்களைச் சுட்டிக் காட்டத்தான் அது பயன்பட்டது. குடை மாமாவைச் சுட்டியது.

"காக்கா, போன போகம் உங்கட கம்பியில எருமைக் கண்டு ஊஞ்சல் ஆடினது. ஊரே பாத்த." (எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன், கண்டு என்றால் கன்று.)

கூட்டம் சிரித்தது.

"இந்தமுற நான் வந்து கம்பியக் கையால தட்டிப் பாப்பன். தொங்கினா, இதே கூட்டத்தில நீங்க எழும்பி நிண்டு எல்லாருக்கும் வகை சொல்லணும்."

மாமா நல்ல மனிதர். யாரிடமும் எதிர்த்துக் கதைக்கத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினார். திரும்பி நடந்து வரும்போது முள்ளுக்கம்பியை இறுக்கிக் கட்டும் ஆட்கள் இருவரும் பொத்துவில் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றும், விதானையார் வரும் நாளுக்குள் திரும்பமாட்டார்கள் என்றும் மெதுவாகச் சொன்னார். கல்யாணமாகி இவ்வளவு நாளாகப் பெண் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"மாமா, ஆள் எதுக்கு? கம்பி இழுக்க நான் ஒரு மெசின் செய்து தாறன்."

மாமா நின்றார். "மெசினா?"

"மெசின்தான். ஊட்டுல கிடக்கிற பழைய சாமானே போதும்."

இந்த இடத்தில் என் மூளை ஓடிய விதத்தைச் சொல்ல வேண்டும். முள்ளுக்கம்பி என்றால் என்ன? நீளமான நூல். வேலி என்றால் என்ன? நூலை நீளவாட்டில் இழுத்துக் கட்டியது. அப்படியானால் அது தறியில் கட்டும் பாவு! நூற்றுக்கணக்கான பாவு இழைகளை ஒரே நேரத்தில், ஒரே இறுக்கத்தில் இழுத்துப் பிடிக்க எங்கள் வாப்பாவின் தறியில் ஓர் உருளை மரம் இருந்தது. உருளையின் ஓரத்தில் பற்சக்கரம். அதன் பல்லில் விழுந்து உருளை திரும்பிவிடாமல் தடுக்க ஓர் இரும்பு நாக்கு. இந்த உலகத்து வேலிக்காரர்கள் எல்லோரும் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கஷ்டப்படுகிறார்களே, நான்கு கம்பிகளையும் ஒரே உருளையில் சுற்றினால் என்ன? இதுவரை ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கே என்மேல் மதிப்பு ஏற்பட்டது. (ஒருவருக்கும் தோன்றாததற்குக் காரணம் இருக்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை.)

கைப்பழக்கத்துக்காக முதலில் சில சின்னக் கருவிகளைச் செய்தேன். லொறி வில்லுத் தகட்டை வளைத்து, பழைய வேலியிலிருந்து ஆணி பிடுங்க ஒன்று. அது ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கியது. மண்ணெண்ணெய் தகரத்தை வெட்டி, கம்பு செருகி, கட்டை நடும் குழியிலிருந்து மண் அள்ள ஓர் அகப்பை. இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. நன்றாக வேலை செய்ததுதான் வினையாயிற்று. மாமாவுக்கு என்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது. பள்ளிவாசல் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லத் தொடங்கினார்.

"எங்கட மருமகன் மெசின் செய்யிறார். நாலு கம்பியும் ஒண்டா இழுக்குமாம்."

ஆட்கள் வேலியைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாமாவின் மானம் இப்போது இரண்டு மடங்காக என் கையில் தொங்கியது.

பெரிய மெசினுக்குப் பழைய மாட்டுவண்டி அச்சுமரம் ஒன்று உருளையாக அமைந்தது. பற்சக்கரத்துக்குக் கல்முனைப் பழைய இரும்புக் கடையில் ஒரு சைக்கிள் சக்கரப் பல் கிடைத்தது. மேல் கம்பி உருளைக்கு நேராக இறங்க ஒரு கப்பி வேண்டும். வீட்டுக் கிணற்றடியில் கிறீச்சிட்டுக்கொண்டு ஒன்று தொங்கியது. அதன் வயதை உத்தேசித்து, கழிவுப் பொருள் என்று தீர்மானித்துக் கழற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை சீலைக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது. முற்றத்தில் ஒரு செம்பட்டைக் கோழி நின்றது.

"கோழியே! இனி உனக்கும் தண்ணி இல்ல, எனக்கும் தண்ணி இல்ல. கப்பி இல்லாத கிணத்தில வாளிய இழுத்து இழுத்து என்ட கை ரெண்டும் கயித்தோட போயிற்று. கேக்குதா கோழியே?"

எனக்கு நன்றாகக் கேட்டது. கோழி தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது. உடனே ஒரு சிரட்டையில் தண்ணீர் நிரப்பிக் கோழிக்கு முன்னால் வைத்தேன். சீலை ஒருமுறை வெடுக்கென்று அசைந்தது. நன்றியுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தபடியாக உருளையைச் சுற்ற நீளமான, உறுதியான ஒரு நெம்புகோல் வேண்டும். அடுப்படிக்குப் பின்னால் பூண் தேய்ந்துபோன உலக்கை ஒன்று சாத்தியிருந்தது. அச்சுமரத்தில் துளை போட்டேன், அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"கோழியே! உனக்குக் குறுநல் போடணுமெண்டா அரிசி இடிக்கணும். அரிசி இடிக்க உலக்க வேணும். என்ட உலக்கக்கிக் கால் முளச்சி, நடந்து போயிற்று. எங்க போன எண்டு கண்ட ஆக்கள் சொல்லட்டும்!"

கடைக்குப் போய்க் குறுநல், அதாவது நொய்யரிசி, வாங்கி வந்து கோழிக்குத் தாராளமாகப் போட்டேன்.

பல்லில் விழும் நாக்குத்தான் கடைசியாக மிஞ்சியது. பல இரும்புத் துண்டுகளை ராவிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. அப்போது தேங்காய் துருவும் திருவலை கண்ணில் பட்டது. முனையில் பற்களோடு வளைந்த அதன் இரும்பு நாக்கு, என் மெசினுக்காகவே யாரோ செய்து வைத்ததுபோல் இருந்தது. பலகையிலிருந்து நாக்கை மட்டும் கழற்றினேன். (பலகையை விட்டு வைத்தேன். பிறர் பொருளில் எனக்கு எப்போதும் ஒரு நிதானம் உண்டு.)

அன்று பகல் சாப்பாட்டில் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "என்ன புள்ள, கறி இண்டைக்கு வறண்டு கிடக்கு? தேங்காப்பால் இல்லையா?"

ஹாஜரா என்னைப் பார்த்தாள். சீலைக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"கோழியே! திருவலைக்கி நாக்கு இல்லாத ஊட்டுல தேங்காப்பால் கேக்கிறாங்க. நீ போய்க் கொத்தித் துருவித் தாறியா?"

சாப்பிட்டு எழுந்ததும் நான் ஒரு தேங்காயை உடைத்து, ஒரு பாதியைக் கோழிக்கு முன்னால் வைத்தேன். கோழி கொத்தித் தின்றது. வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

அன்று பின்னேரம் ஹாஜரா என்னிடம் கேட்டாள். "இஞ்சாருங்க, உம்மா சொல்றது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது. அந்தக் கோழியில அவவுக்கு எவ்வளவு இரக்கம்! நானும் என்னால ஏண்டதச் செய்யிறன்."

ஹாஜரா என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து போனாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தாளாம். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று விட்டுவிட்டாளாம். ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டதால் ஒரு வாடி போனது என்று இதை எழுதும் இந்தக் காலத்திலும் நான் அவளிடம் சொல்வதுண்டு. அவள் இன்றும் முந்தானையைத்தான் தேடுகிறாள்.

விதானையார் வரும் நாள் வந்தது. அவருக்கு வாடியில் பகல் சாப்பாடு கொடுப்பது வழக்கம். ஆகவே ஹாஜராவும் மாமியும் சட்டிபானைகளோடு மாட்டுவண்டியில் வந்து, வாடியின் உட்பக்கம் ஓலைத் தட்டி மறைவில் அடுப்பு மூட்டினார்கள். கறிக்காகச் செம்பட்டைக் கோழியையும் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டில் இருந்த கோழிகளில் அதுதான் மிகவும் கொழுத்திருந்தது. என் கைங்கரியம். வாடியின் பின்தூணில் அதைக் கட்டி வைத்திருந்தார்கள்.

கட்டைகளை நானும் மாமாவும் முதல்நாளே நட்டுவிட்டோம். நான்கு கம்பிகளையும் மருத மரத்தில் அசையாமல் அடித்து, கட்டைகளில் வளைந்த ஆணிகளுக்குள்ளால் தளர்வாக ஓடவிட்டு, மறு முனைகளை உருளையில் கட்டினேன். உருளையை எதில் பொருத்துவது? தறிக்கு ஒரு சட்டம் உண்டு. இங்கே சட்டத்துக்கு நான் எங்கே போவேன்? வாடியின் முன்தூண்கள் இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் நின்றன. அல்லாஹ்வின் உதவி என்று அவற்றிலேயே பொருத்திவிட்டேன். வேலியின் ஒரு முனையில் மண்ணில் வேரூன்றிய மருத மரமும், மறு முனையில் மாமி சோறு ஆக்கும் வாடியும் நின்றன. நடுவில் என் அறிவு இருந்தது.

ஆட்கள் கூடினார்கள். விதானையார் குடையோடு வந்தார். உருளையையும், பல்லையும், நாக்கையும் குடையால் ஒவ்வொன்றாகச் சுட்டிப் பார்த்தார்.

"இது திருவலை நாக்கு மாதிரி இரிக்கே?"

"முன்னொரு காலத்தில" என்றேன் கம்பீரமாக.

மாமாவும் நானும் உலக்கையைப் பிடித்துச் சுற்றினோம். நாக்கு 'டக்' என்று அடுத்த பல்லில் விழுந்தது. தொய்ந்து தொங்கிய நான்கு கம்பிகளும் ஒன்றாக எழுந்தன. கூட்டத்தில் 'ஆ' என்ற சத்தம். மாமா தொப்பியை நேராக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கூட்டத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

'டக்', 'டக்' என்று இன்னும் சுற்றினோம். கம்பி நேராகியது. விதானையார் கையால் தட்டிப் பார்த்தார்.

"காக்கா, நல்ல வேலி. போதும்."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. பாவு சரியாக இறுகியதா என்று அவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். றபான் என்ற கைப்பறையைத் தட்டியதுபோல் சத்தம் வர வேண்டும். நான் முள்ளுக்கம்பியைச் சுண்டினேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. (விரலில் இரத்தம்தான் வந்தது.)

"இன்னும் இறுகணும்" என்றேன்.

"மருமகன், விதானையார் போதும் எண்டுட்டார்."

"பாவு பாடணும் மாமா."

மாமாவுக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று நான் கடலுக்கே வேலி போடலாம் என்றாலும் உலக்கையைப் பிடித்திருப்பார். சுற்றினோம், டக். வாடிக்குள் ஒரு சட்டி நகர்ந்த சத்தம். இன்னொரு சுற்று. ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல்.

"கோழியே! வாடி அசையுது கோழியே!"

பாவம், அறுக்கப்போகும் கோழிக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து நான் சுற்றினேன்.

"கோழியே! அடுப்பு ஒரு பக்கம் போகுது, பான ஒரு பக்கம் போகுது! மெசினப் போட்டுட்டுத் தப்பு கோழியே!"

இந்த இடத்தில் எனக்கு முதன்முதலாக ஒரு சந்தேகம் தட்டியது. கோழிக்கு ஏது மெசின்?

நிமிர்ந்து பார்த்தேன். மருத மரம் இருந்த இடத்திலேயே இருந்தது. வாடி மட்டும், பெரியவர் ஒருவருக்கு சலாம் சொல்வதுபோல, மரத்தை நோக்கி மெதுவாகக் குனிந்துகொண்டிருந்தது. ஹாஜரா ஏற்கெனவே வெளியே வந்து வரம்பில் நின்று தாயைக் கூப்பிட்டாள். அடுத்த கணம் ஓலைத் தட்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் அகப்பையோடு என் மாமி எனக்கு நேரே வந்து நின்றார். கல்யாணமாகி அன்றுதான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். ஹாஜராவின் மூக்கு எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது.

"மருமகன்! விடுங்க அத!"

"விட ஏலா மாமி!"

அதுதான் நானும் மாமியும் கதைத்த முதல் கதை. விட முடியாது என்பது உண்மை. நாக்கு பல்லில் இறுகிவிட்டது. பின்னால் தளர்த்துவதற்கு நான் வழியே வைக்கவில்லை. தறியில் அந்த நாக்கைத் தூக்கிவிட ஒரு கைப்பிடி உண்டு. சின்ன வயதில் எப்போதும் தறியின் மறுபக்கம் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்ததால் அதை நான் கவனித்ததில்லை. உலக்கையை விட்டு, அந்த இழுப்பில் நாக்கும் வழுக்கிவிட்டால், உலக்கை சுழன்று எங்கள் இருவரின் பல்லையும் கொண்டுபோகும். மாமா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உலக்கையில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

"அப்ப தொங்குங்க ரெண்டு பேரும்! மருமகன், நீங்க கீழ குனியுங்க! இஞ்சாருங்க, நீங்களும்தான்!" பின்னது மாமாவுக்கு.

குனிந்தோம். மாமி அகப்பைக் காம்பால் திருவலை நாக்கின் மேல் ஓர் அடி வைத்தார். எத்தனையோ வருஷம் அதில் தேங்காய் துருவியவர், அது எங்கே அசையும் என்பது அவருக்குத் தெரியாதா? நாக்குத் தெறித்துப் போனது. உலக்கை எங்கள் தலைகளுக்கு மேலால் விர்ரென்று சுழன்றது. நான்கு கம்பிகளும் ஒன்றாகத் தளர்ந்து, சுருண்டு, கட்டைகளைச் சாய்த்துக்கொண்டு பின்வாங்கின. வழியில் விதானையாரின் கக்கத்திலிருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு போயின. அந்தக் குடை விரிந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தோம், துணி நான்கு துண்டாக. அவ்வளவு நேரமும் கம்பி இழுத்ததால் நின்றதோ என்னவோ, நாங்கள் மூவரும் பாய்ந்து விலகியதும் வாடி ஒரு பெருமூச்சு விட்டு முன்பக்கமாகப் படுத்தது. கூரை வேலி இருந்த இடத்தில் தொப்பிபோல் உட்கார்ந்தது. தூண் சாய்ந்ததில் கயிறு அவிழ்ந்து, செம்பட்டைக் கோழி வைக்கோலுக்குள்ளால் வெளிவந்து, கூரையின் உச்சியில் ஏறி நின்று கொக்கரித்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா தொப்பியைக் கழற்றி அதற்குள் தேடத் தொடங்கினார். எனக்கு அந்த வைக்கோலுக்குள் புகுந்துவிடலாம் போல் இருந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

விதானையார் மெதுவாக நடந்து வந்தார். குவிந்து கிடந்த கூரையையும், அதைச் சுற்றி முடிச்சு முடிச்சாகக் கிடந்த முள்ளுக்கம்பியையும், குறுக்கும் நெடுக்குமாய்ச் சாய்ந்த கட்டைகளையும் பார்த்தார். சுட்டிக் காட்டக் குடை இல்லாததால் முதல் முறையாக விரலை நீட்டினார்.

"காக்கா, இதுக்குள்ளால எரும வருமா?"

மாமா பார்த்தார். "வராது" என்றார் மெல்ல.

"மாடு?"

"ஆடும் வராது."

"நானும் வரமாட்டன். அப்ப வேலிதானே?" என்றார் விதானையார். "மிச்சப் பங்க ஆள் வந்ததும் ஒவ்வொரு கம்பியா இழுத்து அடைங்க. பாதை ஓரம் இது இப்பிடியே கிடக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, என்ட பங்குக்கு மட்டும் வராதீங்க."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தவர் மாமா. அந்தப் போகம் முழுவதும் வாடி விழுந்த இடத்தால் ஓர் எருமைக் கன்றுகூட உள்ளே வரவில்லை என்பதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

விதானையாருக்கு அன்று பகல் சாப்பாடு கிடைக்கவில்லை. பானை கவிழ்ந்து அடுப்பு அணைந்துவிட்டது. சோறு கூரைக்கடியில் இருந்தது. கோழி கூரைக்கு மேல் இருந்தது. மாமி அந்தக் கோழியை அதற்குப் பிறகு அறுக்கவே விடவில்லை.

வண்டியில் ஏறுவதற்கு முன் மாமி என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"மருமகன், கப்பி."

கொடுத்தேன்.

"உலக்க."

சேற்றில் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"திருவலை நாக்கு."

அதை மறுநாள்தான் கண்டெடுத்தோம். வளைந்துபோயிருந்தது. கல்முனையிலிருந்து புதுத் திருவலை ஒன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். சீலைக்குப் பின்னால் வைக்கப் போனபோது மாமி சீலையை விலக்கிக்கொண்டு நேரே வந்து வாங்கினார்.

"இனி எனக்கு என்ன வேணுமெண்டாலும் உங்ககிட்ட நேராத்தான் சொல்லுவன் மருமகன். கோழிய நம்பி என்ட வாடி போனது போதும்."

அவர் மௌத்தாகும்வரை அப்படியேதான் சொன்னார். சம்மாந்துறையில் மருமகனோடு நேரே கதைத்த முதல் மாமி அவராகத்தான் இருக்க வேண்டும். இதை நான் பலரிடம் விசாரித்திருக்கிறேன், மறுத்தவர் எவரும் இல்லை. நான் கையில் ஒரு சுத்தியலை எடுத்தாலும், அடுக்களைக்குள்ளிருந்தே, "மருமகன், வெச்சிருங்க அத" என்ற சத்தம் வரும். வைத்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் இன்றும் ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஏறவில்லை என்றால், "கோழிக்கிட்டச் சொன்னதா?" என்று கேட்பார்கள். காரணம் தெரியாத பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள்.

மூத்த மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், ஒருநாள் அவர் முன் விறாந்தையில் உட்கார்ந்து, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாய் எவ்வளவோ மாறியும், ஹாஜரா மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள். அப்போது எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பதில்லை. முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மூலையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"இஞ்சாருங்க! அந்த ரேடியோவுக்கு ஒரு வருத்தமும் இல்ல. சும்மா கிடந்தா பாடும். கேக்குதா?"

மருமகன் நிமிர்ந்து என்னை இரக்கத்தோடு பார்த்தார். திருப்புளியைக் கீழே வைத்தார். எழுந்து போய், ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, மறுபடியும் ரேடியோவைக் கழற்றத் தொடங்கினார்.